புல்வெட்டு இயந்திரத்தின் கத்தி சுழல மறுத்தால்

தோட்டத்துப் பந்துத் திடலிலும் ஆலய வளாகத்திலும் மண்டிய புல்லை அரிவாளும் பாராங்கும் கொண்டு வெட்டிய காலம் ஒன்று இருந்தது. பின்னர், முதுகில் சுமந்து வெட்டும் விசைக்கருவி வந்தது. இன்று அதனையும் கடந்து, ஏறி அமர்ந்து ஓட்டும் புல்வெட்டு இயந்திரத்தை நம் தொழிலாளர்களும் கையாளுகின்றனர். புதிய இயந்திரத்தின் விலை எளிய குடும்பங்களுக்கு எட்டக்கூடியது அன்று. ஆகவே நண்பர்கள் இருவர் மூவர் தத்தம் சேமிப்பைக் கூட்டி, ஏற்கெனவே புழங்கிய இயந்திரம் ஒன்றை வாங்கிக் குத்தகைக்குப் புல்வெட்டுவதும் உண்டு.

அவ்வாறு வாங்கியவர்களை முதன்முதலில் கலங்கச் செய்யும் கோளாறு ஒன்றுண்டு. எஞ்சின் நன்றாக ஓடும், சக்கரம் உருளும், ஆனால் விசையை இழுத்தாலும் கத்தி மட்டும் சுழலாது. சில வேளைகளில் சுழன்ற கத்தி அரை மணி நேரத்தில் தானாக நின்றுவிடும். வேறு சில வேளைகளில் விசையை இழுத்த உடனே எஞ்சினே அணைந்துபோகும். வாங்கிய பணம் மண்ணாயிற்றோ என்னும் அச்சம் அப்பொழுது எழுவது இயல்பே. பெரும்பாலான சமயங்களில் அந்த அச்சத்திற்குத் தேவையில்லை. ஆயினும் இக்கோளாற்றை ஆராயும்பொழுது செய்யப்படும் ஒரு தவறு கையையோ காலையோ பறித்துவிடக் கூடும் என்பதால், இது குறித்துச் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது.

புல்லுக்கும் மழைக்கும் பெயர்போன அண்டை நகரம் சிங்கப்பூர். 1967ஆம் ஆண்டில் தோட்ட நகரத் திட்டம் அறிவிக்கப்பட்டது முதல் அங்கே சாலையோரங்களும் அடுக்குமாடி வீடுகளின் சுற்றுப்புறங்களும் பசும்புல் போர்த்தப்பட்டு வருகின்றன. ஆண்டில் ஏறத்தாழ 170 நாட்கள் அங்கு மழை பெய்கிறது. 'கௌ கிராஸ்' என வழங்கும் அகன்ற இலைப் புல், வெட்ட வெட்டத் தழைக்கிறது. நம்மவர்க்கு நன்கு அறிமுகமான லிட்டில் இந்தியா வட்டாரமே, முன்னாளில் நீர்வளத்தாலும் புல்வளத்தாலும் மாட்டு வணிகம் செழித்த இடமாகும். பஃபலோ சாலை என்னும் பெயர் அதற்கு இன்றும் சான்று பகர்கிறது. மாடுகள் மேய்ந்த அத்தீவில் இன்று புல்லைக் குறைப்பது இயந்திரமே.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சிராங்கூன் சாலையை அடுத்த உணவுக்கடை ஒன்றில் ஓர் அன்பரைச் சந்திக்க நேர்ந்தது. அவர் ஜொகூர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் பால்வெட்டுத் தொழிலாளர்கள். சிங்கப்பூரில் பல ஆண்டுகள் புல்வெட்டும் பணி செய்தபின், மைத்துனருடன் கூட்டுச் சேர்ந்து பழைய இயந்திரம் ஒன்றை வாங்கியிருந்தார். வாங்கிய மூன்றாம் வாரமே கத்தி நின்றுவிட்டது. பழுது பார்ப்பவர் ஒருவர் மூடியைத் திறந்துகூடப் பாராமல், "கிளட்ச் போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும்" என்று கூறிவிட்டாராம்.

"அவர் கேட்ட பணம், வண்டி வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு ஐயா! வீட்டில் என்ன சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் உறங்கவில்லை," என்றார் அந்த அன்பர்.

அவர் உறங்காமல் செய்த காரியம் யாதெனில், அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள சிம் லிம் டவரில் மின்னளவு காட்டும் மல்டிமீட்டர் ஒன்றை வாங்கித் தாமே சோதித்ததுதான். பழுது கிளட்சில் இல்லை. கிளட்சுக்கு மின்சாரம் கொண்டு செல்லும் கம்பியின் முனை பச்சைக் களிம்பேறி மின்னோட்டத்தைத் தடுத்திருந்தது. உப்புத்தாள் ஒரு துண்டால் அதனைத் தேய்த்தவுடன் கத்தி சுழன்றது. அந்தச் சோதனையின்போது அவர் வேறொன்றையும் கண்டுபிடித்தார். அதனை உரிய இடத்தில் கூறுவோம்.

கை வைக்குமுன்

சுழலும் கத்தியின் நுனி மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் செல்லக்கூடியது. ஆகவே கத்திக் கூட்டின் அடியிலோ பெல்ட்டின் அருகிலோ கையைக் கொண்டு செல்லுமுன் எஞ்சினை அணைத்துச் சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் இட்டுக்கொள்ளல் வேண்டும். அதன்பின் ஸ்பார்க் பிளக்கின் கம்பியையும் கழற்றி அப்பால் ஒதுக்கிவிட வேண்டும். எஞ்சின் அணைந்திருக்கும்பொழுது கத்தியைக் கையால் திருப்பினால் என்ன ஆகிவிடும் என்று கேட்போர் உளர். சில இயந்திரங்களில், கத்தியைத் திருப்பும்பொழுது பெல்ட்டின் வழியே எஞ்சினும் திரும்பிவிடக் கூடும். கூட்டினை உயர்த்தி வேலை செய்வதாயின் ஜாக்கியை மட்டும் நம்பாமல் கனத்த மரக்கட்டைகளை அடியில் இட்டு நிறுத்துவது முறை. தடித்த கையுறையும் தேவை. மழுங்கிய கத்திதானே என்று எண்ணற்க. பால்வெட்டும் உளியைப் பிடித்துப் பழகியவர்களுக்கு இதனை வற்புறுத்த வேண்டியதில்லை.

கத்தி எவ்வாறு சுழல்கிறது?

இருவகை அமைப்புகள் உள்ளன. முதல்வகையில், ஓட்டுநர் ஒரு நெம்புகோலைத் தள்ளுகிறார். அது கேபிள் ஒன்றை இழுக்கிறது. கேபிள், ஸ்பிரிங் பூட்டிய இறுக்குக் கப்பியை நகர்த்துகிறது. தளர்ந்து கிடந்த பெல்ட் அதனால் இறுகி, கத்தி அச்சின் மேலுள்ள கப்பிகளைச் சுழற்றுகிறது. நெம்புகோலை விட்டால் பெல்ட் தளர்கிறது. தடைக்கட்டைகள் கப்பியை அழுத்திக் கத்தியை நிறுத்துகின்றன.

இரண்டாம் வகையில் நெம்புகோலுக்குப் பதிலாக ஒரு குமிழ் விசை இருக்கும். அதனை இழுத்தால் பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் எஞ்சினின் அடியிலுள்ள கிளட்ச் சுருளுக்குச் செல்கிறது. சுருள் காந்தமாகி, மெல்லிய இடைவெளிக்கு அப்பாலுள்ள இரும்புத் தகட்டைத் தன்பால் இழுத்துக் கொள்கிறது. தகடு ஒட்டியதும் கப்பி சுழல்கிறது. மின்சாரம் நின்றால் தகடு விலகித் தடையின்மேல் படிகிறது. உங்கள் இயந்திரம் எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிந்துகொள்வதே முதல் வேலை. இதனை அறியாமல் கேபிள் இல்லாத இயந்திரத்தில் கேபிளைத் தேடுவோரும் உளர்.

விசையை இழுத்தும் யாதொன்றும் நிகழவில்லை என்றால்

நெம்புகோல் வகையாயின், கேபிளின் இருமுனைகளையும் பாருங்கள். கொக்கி கழன்றிருக்கலாம், உறைக்குள் துருப்பிடித்து இறுகியிருக்கலாம், நாளடைவில் நீண்டு, இழுத்தும் இழுக்காதது போல் இருக்கலாம். ஸ்பிரிங் அறுந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். இறுக்குக் கப்பியைத் தாங்கும் கை, காய்ந்த புல்லும் துருவும் சேர்ந்து அசையாமல் நின்றுவிடுவதும் அடிக்கடி நேர்வதே. சுத்தம் செய்து, அசையும் மூட்டில் மட்டும் ஒரு துளி எண்ணெய் இட்டால் போதும். எண்ணெய் பெல்ட்டின் மீது படலாகாது.

மின் கிளட்ச் வகையில் ஆராயும் வரிசை முக்கியமானது. காசு செலவாகாத சோதனை முதலில், விலை மிக்க உறுப்பு கடைசியில் என்பதே அவ்வரிசை. முதலில் பேட்டரி. ஓய்வாக இருக்கும்பொழுது நன்கு மின்னேற்றிய பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்பொழுது அந்த அளவு 13.5க்கு மேல் உயர வேண்டும். உயராவிடில் மின்னேற்றும் பகுதி வேலை செய்யவில்லை என்று பொருள். அடுத்து ஃபியூஸ். அதன்பின் கம்பி முனைகள். மழைநாட்கள் மிகுந்த நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும் களிம்பேறிய முனையே பலமுறை குற்றவாளியாகக் காணப்படும். இயந்திரத்தைக் கழுவும்பொழுது அழுத்தம் மிக்க நீரைக் கண்ட இடமெல்லாம் பீய்ச்சுவதும் இதற்கு ஒரு காரணமாகும்.

பின்னர், கிளட்சின் இணைப்பைக் கழற்றி, சாவியை எஞ்சின் இயங்காத நிலையில் திருப்பி வைத்துக் குமிழை இழுத்து, வரும் கம்பியில் மின்சாரம் உள்ளதா என்று மல்டிமீட்டரால் அளக்கலாம். இதற்கு ஒருவர் இருக்கையில் அமர்ந்திருத்தல் வேண்டும். ஏன் என்பது பின்னர் விளங்கும். 12 வோல்ட் அளவில் மின்சாரம் வந்தால் விசையும் கம்பியும் நலம். அடுத்து, மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கிளட்ச் சுருளின் மின்தடையை அளக்க வேண்டும். பெரும்பாலான இயந்திரங்களில் அது 2 முதல் 4 ஓம் வரை இருக்கும். அளவி எல்லையற்ற தடையைக் காட்டினால் சுருள் உள்ளே அறுந்துவிட்டது என்பது உறுதி. அப்பொழுதுதான் கிளட்சை மாற்றும் பேச்சு எழ வேண்டும். நாம் முன்னர்க் கூறிய அன்பருக்கு இந்த அளவு சரியாகவே இருந்தது. அதனால்தான் அவர் பணம் தப்பியது.

சுழன்ற கத்தி சூடேறியதும் நின்றால்

காலையில் நன்றாக வெட்டிய இயந்திரம் அரை மணி நேரம் சென்றதும் கத்தியை நிறுத்திவிடுகிறது. ஓய்வு கொடுத்தால் மீண்டும் வெட்டுகிறது. இதைக் கண்டு பலர் திகைக்கின்றனர். காரணம் எளிது. சுருளில் உள்ளது செம்புக் கம்பி. செம்பு சூடேறச் சூடேற அதன் மின்தடை உயர்கிறது. 30 பாகை வெப்பத்திலிருந்து 100 பாகைக்குச் சூடேறினால் தடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடிவிடும். மின்னோட்டம் குறையும், காந்த ஆற்றல் தளரும். கிளட்ச் புதிதாயிருக்கையில் தகட்டுக்கும் காந்தத்துக்கும் இடையிலான வெளி மிகச் சிறியதாதலால் தளர்ந்த காந்தமும் தகட்டை இழுத்துவிடும். பல ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த கிளட்சில் அந்த இடைவெளி அகன்றிருக்கும். அகன்ற வெளியைத் தாண்டி இழுக்கச் சூடேறிய காந்தத்திற்கு வலுவில்லை.

சில கிளட்சுகளில் இந்த இடைவெளியைச் சரிசெய்ய மூன்று மரைகள் உள்ளன. மூன்றையும் சிறிது சிறிதாக, சமமாக இறுக்க வேண்டும். சரியான அளவு அவ்வியந்திரத்தின் கையேட்டில் இருக்கும். பெரும்பாலும் அது 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை அமையும். சாதாரண எழுதுதாள் மூன்று நான்கினை ஒன்றாக அடுக்கினால் வரும் கனம் அது. ஆயினும் தாளை நம்பாமல் ஃபீலர் கேஜ் கொண்டு அளப்பதே முறை. இரும்புச் சாமான் கடைகள் நிறைந்த ஜாலான் புசார் பக்கம் செல்வோர் அதனை எளிதில் வாங்கலாம். ஒரு செய்தி: பேட்டரி வலுவிழந்திருந்தாலும் இதே அறிகுறி தோன்றும். ஆதலால் மரையைத் தொடுமுன் மின்னளவை மறுபடியும் பாருங்கள்.

கத்தி சுழல்கிறது, புல் வெட்டுப்படவில்லை என்றால்

இங்கேதான் நம் தொழிலாளர்களுக்கு நெருக்கமான பொருள் ஒன்று வருகிறது, பெல்ட்டைக் கூறுகிறேன். 1877இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளிலிருந்து மலாயாவின் ரப்பர்த் தொழில் கிளைத்த வரலாற்றை நாம் அறிவோம். அந்தப் பூங்காவின் புல்வெளியை வெட்டும் இயந்திரத்திலும் எஞ்சினின் ஆற்றலைக் கத்திக்குக் கொண்டு செல்வது ரப்பர் வாரே. இன்றைய பெல்ட்டுகள் பெரும்பாலும் செயற்கை ரப்பரால் ஆனவை என்பது உண்மைதான். ஆயினும் எண்ணெயும் மிகுந்த சூடும் அவற்றுக்கும் ஆகா.

இந்தப் பெல்ட்டின் குறுக்குவெட்டு ஆப்பு வடிவினது. கப்பியின் பள்ளத்தில் அது தன் இரு பக்கங்களால் பிடித்து இழுக்கிறதேயன்றி அடிப்பாகத்தால் அன்று. பக்கங்கள் தேய்ந்த பெல்ட் பள்ளத்தின் அடியில் போய் அமர்ந்துகொண்டு வழுக்கும். கப்பிப் பள்ளத்தின் அடி பளபளப்பாகத் தேய்ந்திருந்தால் பெல்ட் தன் காலத்தை முடித்துக்கொண்டது என்று கொள்க. பக்கங்கள் கண்ணாடி போல் மினுங்குவதும், ரப்பர் கருகிய வாடையும் அதே செய்தியைத்தான் கூறுகின்றன. அந்த வாடை எத்தகையது என்று புகைக்கூடத்தின் பக்கம் போய்வந்தவர்க்குச் சொல்லவும் வேண்டுமோ!

புதிய பெல்ட் வாங்குகையில் பலர் ஏமாறுகின்றனர். பழைய பெல்ட்டை எடுத்துச் சென்று, அதே அகலமும் நீளமும் கொண்ட சாதாரண ஆலைப் பெல்ட் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி வருவர். இரண்டும் பார்வைக்கு ஒன்றே. ஆனால் புல்வெட்டு இயந்திரத்தின் பெல்ட், ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்பொழுதும் சற்றே வழுக்கிப் பின் பிடிக்க வேண்டியது. அதற்கேற்ற உறையும் உறுதிமிக்க இழைகளும் அதில் உண்டு. ஆலைப் பெல்ட் இந்த வேலையில் விரைவில் நீண்டு தளர்ந்துவிடும். மேலும், பழைய பெல்ட் ஏற்கெனவே நீண்டிருக்குமாதலால் அதன் நீளத்தை அளந்து வாங்குவதும் பிழையாகும். பெல்ட்டின் மேல் அச்சிட்ட எண்ணையோ இயந்திரத்தின் மாதிரி எண்ணையோ குறித்துக்கொண்டு செல்வதே சரி.

புதிய பெல்ட்டும் சில வாரங்களில் அறுந்தால் பழி பெல்ட்டுடையது அன்று. பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கத்தி அச்சு ஒவ்வொன்றையும் கையுறை அணிந்த கையால் திருப்பிப் பாருங்கள். மெல்லச் சுழல வேண்டிய அச்சு கரகரத்தால் பேரிங் கெட்டுள்ளது. அச்சு ஆடினாலும் அவ்வாறே. சில சமயம் அச்சில் சுற்றிய நைலான் கயிறோ பைத்துண்டோ முழுக் குழப்பத்திற்கும் காரணமாயிருக்கும். கூட்டின் அடியில் ஈரப் புல் அப்பம் போல் அப்பியிருந்தாலும் கத்தி திணறும். மழை விட்ட கையோடு வெட்டும் வேலையில் இதனை முற்றும் தவிர்க்க முடியாது. வேலை முடிந்தவுடன் மரச்சட்டம் கொண்டு சுரண்டிவிடுவது நலம். உயர்ந்த புல்லுக்குள் நின்றுகொண்டு கத்தியை இணைப்பதும் பெல்ட்டையும் கிளட்சையும் வாட்டும். வெறுந்தரையில் இணைத்தபின் புல்லுக்குள் செல்லுங்கள்.

விசையை இழுத்ததும் எஞ்சின் அணைந்தால்

இதனைக் கோளாறு என்பதைவிடக் காவல் என்பதே பொருந்தும். ஏறி அமர்ந்து ஓட்டும் இயந்திரங்களில் இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் உள்ளது. கத்தி இணைந்திருக்கையில் ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்தால் அது எஞ்சினையும் கத்தியையும் நிறுத்திவிடும். மேட்டில் கவிழ்ந்து விழுந்தவர்மேல் கத்தி ஏறாதிருக்கவும், அடைத்த புல்லை நீக்க இறங்கியவர் கையை இழக்காதிருக்கவும் செய்த ஏற்பாடு அது. சில இயந்திரங்களில், பின்னோக்கிச் செல்லும்பொழுது கத்தியை நிறுத்தும் சுவிட்சும் உண்டு. சுவிட்சோ அதன் கம்பியோ பழுதானால், ஆள் அமர்ந்திருந்தும் ஆளில்லை என்று இயந்திரம் எண்ணிக்கொள்கிறது. விசையை இழுத்ததும் அணைகிறது.

இந்த இடத்தில்தான் பெருந்தவறு நிகழ்கிறது. சுவிட்சை மாற்றாமல் இரண்டு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிக் கட்டிவிடுகின்றனர். இயந்திரம் ஓடுகிறது, வேலை நடக்கிறது, பின்னர் அது நல்ல இயந்திரம் என்று பிறருக்கு விற்கப்படுகிறது. வாங்கியவருக்குத் தம் காவல் அறுக்கப்பட்டிருப்பது தெரியாது. நாம் கூறிய அன்பர் மல்டிமீட்டரும் கையுமாக இருக்கையைத் தூக்கியபொழுது கண்டது இதைத்தான். கறுப்பு ஒட்டுநாடா சுற்றிய இரண்டு கம்பிகள்! மூன்று வாரமாக, எஞ்சினை அணைக்காமலே இறங்கி இறங்கிக் குப்பையை அப்புறப்படுத்தியிருக்கிறார். "சுவிட்ச் இருக்கிறதே, தானாக நின்றுவிடும் என்ற தைரியத்தில்தான் ஐயா இறங்கினேன்," என்று அவர் கூறியபொழுது அவர் குரல் தாழ்ந்தது.

பழைய இயந்திரம் வாங்கச் செல்வோர் பணத்தை எண்ணுமுன் இச்சோதனையைச் செய்தல் வேண்டும். சமதரையில், அருகில் எவரும் இல்லாதபொழுது, கத்தியை இணைத்துக்கொண்டு, கால்களை மிதிபலகையிலேயே ஊன்றியபடி இருக்கையிலிருந்து சற்றே எழுந்து பாருங்கள். எஞ்சின் உடனே அணைய வேண்டும், அல்லது கத்தியேனும் நிற்க வேண்டும். நிற்காவிடில் கம்பி கட்டப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். அடுத்து, விசையை விட்டபின் கத்தி நிற்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள். ஐந்து விநாடிக்குள் நிற்க வேண்டும் என்று பல கையேடுகள் கூறுகின்றன. அதற்கு மேலும் சுழன்றால் தடை தேய்ந்துள்ளது. சுழல மறுக்கும் கத்தியைவிட நிற்க மறுக்கும் கத்தியே அஞ்சத்தக்கது.

கூலிக்கு அமர்த்தப்பட்டவர்க்கு ஒரு சொல். சிங்கப்பூரில் 2006ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழிலாளரின் பாதுகாப்பைப் பேணும் கடமையை முதலாளிமீது சுமத்துகிறது. காவல் சுவிட்ச் அறுக்கப்பட்ட இயந்திரத்தை ஓட்டுமாறு பணிக்கப்பட்டால் அதனை மேற்பார்வையாளரிடம் உடனே தெரிவிப்பது தொழிலாளரின் உரிமை.

அந்த அன்பர் மறுவாரமே புதிய இருக்கைச் சுவிட்ச் ஒன்றைப் பொருத்திவிட்டார். அதன் விலை, கிளட்சுக்குக் கேட்ட தொகையில் மிகச் சிறிய பகுதியே. ஆனால் இப்பொழுது புதிய தொல்லை ஒன்று: அவர் எடை குறைந்தவர்; குண்டும் குழியுமான இடத்தில் உடல் துள்ளும்பொழுதெல்லாம் எஞ்சின் அணைந்துவிடுகிறதாம். இருக்கையின் ஸ்பிரிங்குகள் துருப்பிடித்து விறைத்திருப்பதே காரணமாக இருக்கலாம் என்று பேசி முடிவு செய்தோம். சம்பளம் வந்ததும் அவற்றை மாற்றப் போவதாகவும், அதுவரை அத்தகைய இடங்களில் மெதுவாக ஓட்டிச் சமாளிப்பதாகவும் கூறி, மைத்துனருக்கு இரண்டு பொட்டலம் பிரியாணி கட்டிக்கொண்டு அவர் விடைபெற்றார்.